இறுவட்டும் கணினியும் அம்மாவின் குரலும்

சென்ற குளிர்காலத்தில் நாம் வீடு மாறினோம். மகள் மணமாகி வேறு நகரம் சென்றபின், நான்கு அறைகள் கொண்ட வீடு எமக்கும் எமது துணைவியாருக்கும் பெரிதாகிவிட்டது. வாடகையும் வெப்பமூட்டும் செலவும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டு போயின. இரண்டறை வீடொன்று வாய்த்தபோது நல்லதென்று எண்ணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். வீடு சிறிது என்றால் அதனுள் செல்லும் பொருளும் சிறிதாக வேண்டும் அல்லவா? நிலக்கீழ் அறையில் இருபது ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றுள் நான்கு, கடையில் கேட்டு வாங்கிய வாழைப்பழப் பெட்டிகள். நான்கினுள்ளும் இறுவட்டுகள். எண்ணிப் பார்த்தோம். 312 இருந்தன.

உதவிக்கு வந்திருந்த மகன் அவற்றைப் பார்த்துச் சிரித்தான்.

"அப்பா, உதெல்லாம் இனி என்னத்துக்கு? எல்லாம் போனிலை கிடக்குது."

சொன்னதோடு நில்லாமல், பெயரைச் சொல்லும்படி கேட்டு, கைத்தொலைபேசியில் தட்டவும் செய்தான். நாம் நாற்காலியை இழுத்து அமர்வதற்குள் திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளையின் தோடி அறையை நிறைத்தது. எமக்குப் பேச்சு எழவில்லை. ஆசிரியராக இருந்தவர்களிடம் ஒரு தீய பழக்கம் உண்டு. நேரே பதில் சொல்ல முடியாதபோது வரலாறு சொல்லத் தொடங்கிவிடுவார்கள். நாமும் அதையே செய்தோம்.

"தம்பி, இந்தத் தட்டும் உன்ரை நாட்டிலைதான் பிறந்தது, உன்ரை போனிலை ஓடுற பாட்டும் உன்ரை நாட்டிலைதான் பிறந்தது. தெரியுமோ?" என்று கேட்டோம். அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வாசகர்களுள் பலருக்கும் இது புதிதாக இருக்கக்கூடும். கிராமபோனையும் அதில் சுழலும் வட்டத் தட்டையும் உலகுக்குத் தந்த எமில் பேர்லினர் 1851இல் ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் பிறந்தவர். 1870இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, 1887இல் தமது கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1898இல் தாம் பிறந்த அதே நகரில் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றையும் நிறுவினார். ஒலிநாடாப் பேழையை பிலிப்ஸ் நிறுவனம் முதன்முதலாக உலகுக்குக் காட்டியது 1963இல், பேர்லின் வானொலிக் கண்காட்சியில். வணிகத்துக்கான முதல் இறுவட்டுகள் 1982ஆம் ஆண்டு ஓகஸ்ற் 17ஆம் நாள் அச்சாகி வெளிவந்தது ஹனோவருக்கு அருகே, லாங்கன்ஹாகனில் இருந்த ஆலையில். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் பாடலைச் சுருக்கி வைக்கும் எம்.பி.3 முறையை வளர்த்தெடுத்ததில் பெரும்பங்கு எர்லாங்கன் நகரின் பிறவுண்ஹோபர் ஆய்வு நிறுவனத்துக்கு உரியது. 1995ஆம் ஆண்டு யூலையில்தான் அதற்கு அந்தப் பெயர் முடிவாயிற்று. இசையைப் பொருளாக்கிய நாடும் இந்நாடே. அந்தப் பொருளையே கரைத்துக் காற்றாக்கியதில் முன்நின்றதும் இந்நாடே.

மகன் வியப்போடு கேட்டான். ஆனாலும் பெட்டிகள் அங்கேயே இருந்தன. கேள்வியும் அங்கேயே இருந்தது.

எமது ஐயாவிடம் ஒரு கிராமபோன் இருந்தது. வலிகாமத்தில் எமது வீட்டு விறாந்தையில், மூடியைத் திறந்து கைபிடியைச் சுற்றி அவர் அதை இயக்கும் மாலைகளில் அயல் முழுவதும் வந்து திண்ணையில் அமரும். பிள்ளைகள் தொடக்கூடாது. அந்தத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. கைதவறி விழுந்தால் ஓடுபோல் உடையும். ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் பாடும். மணிக்கணக்கில் விரியவல்ல இராகத்தை அந்த வித்துவான்கள் மூன்று நிமிடத்துக்குள் அடக்கிப் பாடினார்கள். தட்டின் அளவே பாட்டின் அளவாயிற்று. பாகவதரும் கே.பி.சுந்தராம்பாளும் எமக்கு அப்படித்தான் அறிமுகமானார்கள்.

பின்னர் ஒலிநாடாக் காலம் வந்தது. வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதி, வெற்று நாடாவோடு 'ரெக்கோடிங் பார்' ஒன்றிற் கொடுத்துவிட்டு ஒரு கிழமை காத்திருப்போம். அறுபது நிமிட நாடாவா, தொண்ணூறு நிமிட நாடாவா என்று வீட்டில் விவாதமே நடக்கும். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஆனாலும் எம்மவர் பாட்டுக் கேட்பதை நிறுத்தவில்லை. துவிச்சக்கர வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து எடுத்த மின்னில் வானொலியும் ரேப் ரெக்கோடரும் இயங்கின. சுற்றுபவர் களைத்தால் பாடகரும் களைத்தார். குரல் இழுபட்டுத் தடித்தவுடன் அடுத்தவர் ஓடிவந்து மிதியைப் பற்றிக்கொள்வார். பாட்டுக் கேட்பது அன்று நாலுபேர் கூடிச் செய்த வேலை.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. நாமும் மழையிலும் நெரிசலிலும் தென்மராட்சி நோக்கி நடந்தோம். சான்றிதழ்களும் அரிசியும் மாற்றுடையும் வந்தன. கிராமபோன் வரவில்லை. 1996 நடுப்பகுதியில் திரும்பிச் சென்றபோது, கிணற்றடியில் வாழைகளின் கீழே கறுப்புத் துண்டுகள் கிடந்தன. சிலவற்றில் வட்டத் தாளின் ஒரு பாதி ஒட்டியிருந்தது. யார் உடைத்தார்கள் என்று நாம் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கு எவரும் இருக்கவில்லை. அம்மா அந்தத் துண்டுகளைக் கூட்டி அள்ளி, வேலியோரம் புதைத்தார்.

1998இல் இந்நாட்டுக்கு வந்தோம். முகாம் வாழ்வின் நடுவே, 1999ஆம் ஆண்டு, கொழும்பு சென்று திரும்பிய ஊரவர் ஒருவர் எம்மிடம் ஒரு ஒலிநாடாவைத் தந்தார். அம்மா பேசி அனுப்பியது. கடிதம் எழுதினால் நான்கு வரியோடு நின்றுவிடும், பேசினால் மனம் ஆறும் என்று அயலிலிருந்த பெடியன் ஒருவன் பதிந்து கொடுத்தானாம். நாற்பத்து மூன்று நிமிடம். இடையில் காகம் கரைந்தது. கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. அம்மா எம்மை ஏசினார், ஊர்ப் புதினம் சொன்னார், ஒரு தேவாரம் தொடங்கி, நடுவில் அடி மறந்து, தாமே சிரித்தார். அதே போன்ற நாடா ஒன்றேனும் வராத புலம்பெயர் வீடு அந்நாளில் இருந்திருக்குமோ என்பது ஐயமே.

2001இல் அம்மா காலமானார். எமது அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. பயணப் பத்திரம் கிடையாது. செய்தி தொலைபேசியில் வந்தது. அன்றிரவு அந்த நாடாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

2005இல் நண்பர் ஒருவர் அந்த நாடாவை இறுவட்டில் பதிந்து தந்தார். நாடா தேயும், சிக்கும்; இறுவட்டு நூறு ஆண்டு இருக்கும் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். நாமும் நம்பினோம். இறுவட்டின் முகப்பில் அம்மாவின் பெயரெழுதிய அழகிய தாளொன்றை ஒட்டினோம். அம்மாவின் படத்தருகே, சாளரத்தோரம், பல ஆண்டு வைத்திருந்தோம். ரேப் ரெக்கோடர் பழுதானபோது நாடாவுக்கு இனி வேலையில்லை என்று எண்ணி, அதை எமது கையாலேயே குப்பையில் இட்டோம். இதை எழுதும்போது அந்தக் கை நடுங்குகிறது.

இனி இவ்வாண்டுக் கதைக்கு வருவோம்.

நான்கு பெட்டிகளையும் எறிய நாம் உடன்படவில்லை. நான்கையும் கொண்டுசெல்ல இடமும் இல்லை. மகன் ஒரு வழி சொன்னான். எல்லா இறுவட்டுகளையும் கணினியில் ஏற்றுவது. பின்னர் எவற்றை வைத்திருப்பதென்று ஆறுதலாக முடிவு செய்வது. எம்.பி.3 ஆக அன்று, இழப்பின்றிச் சுருக்கும் 'பிளாக்' முறையில். எம்.பி.3 என்பது காதுக்கு எளிதில் புலப்படாத பகுதிகளைக் கழித்துவிட்டு மீதியை வைப்பது. இறுவட்டில் ஒரு நொடி இசைக்கு 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட துணுக்குகள் உண்டு. சாதாரண எம்.பி.3 அதைப் பத்தில் ஒன்றுக்கும் குறைவாக்கி விடும். கழித்தது கழித்ததே, மீளாது. பிளாக் முறை அப்படியன்று. விரித்தால் ஒரு துணுக்கும் குறையாமல் மீளும்.

வேலை தொடங்கிய முதல் மாலையிலேயே சிக்கல் ஒன்று எழுந்தது. இறுவட்டைக் கணினியில் இட்டால் பாடலின் பெயர் தானே வருமென்று நாம் எண்ணியிருந்தோம். உண்மையில் பெரும்பாலான இசை இறுவட்டுகளில் பெயர் எதுவும் பதியப்பட்டிருப்பதில்லை. கணினி இணையத்திலுள்ள பட்டியலிற் தேடித்தான் பெயரிடுகிறது. ஆங்கில, ஜேர்மன் தட்டுகளுக்கு நொடியிற் பெயர் வந்தது. எமது தட்டுகளுட் பலவற்றுக்கு 'பாடல் 1, பாடல் 2, பாடல் 3' என்றே வந்தது. அகதி முகாமில் எம்மை இலக்கத்தால் அழைத்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

ஆகவே பெயரை நாமே இட வேண்டியதாயிற்று. இறுவட்டுப் பெட்டியின் உட்தாளை எடுத்து நாம் வாசிக்க, மகன் தட்டெழுதினான். பாடியவர், இயற்றியவர், இராகம், தாளம், வயலின், மிருதங்கம், கடம். "கரகரப்பிரியாவுக்கு எந்த 'ர' அப்பா?" என்பான். "தவில் எண்டால் மேளமோ?" என்பான். அளவெட்டியில் வாழ்ந்து 1975இல், நாற்பத்தோராவது நாற்பத்திரண்டாவது அகவையிலேயே மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் பெயரைக் கேட்டு, அவர் யாரென்று வினவினான். தமிழ்நாட்டு நாதசுர மேதைகள் தமக்குத் தவில் வாசிக்க எம்மூரவர் ஒருவரை விரும்பி அழைத்தார்கள் என்று சொன்னபோது, அன்றைக்கு மேலும் இரண்டு தட்டுகளுக்குப் பெயரிட்ட பின்னரே எழுந்தான். தமிழ்ப் பாடசாலைக்குப் பத்து ஆண்டு அனுப்பியும் பெறாத ஒன்றை அந்த மாலைகளில் அவன் பெற்றான் என்றே நினைக்கிறோம். கைத்தொலைபேசியில் பாட்டு வந்தது உண்மைதான். ஆனால் அதனோடு தவில்காரர் வரவில்லை, இராகம் வரவில்லை, பல வேளை பாடியவர் பெயரே மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது.

மூன்றாம் கிழமையில் அம்மாவின் இறுவட்டு வந்தது. கணினி அதைச் சுழற்றிப் பார்த்தது, முனகியது, தட்டே இல்லை என்றது.

மகன் துடைத்துப் பார்த்தான். வேறு இயக்கியில் இட்டுப் பார்த்தான். பயனில்லை. பின்னர்தான் அவன் காரணத்தை விளக்கினான். ஆலையில் அச்சிடும் இறுவட்டு வேறு, வீட்டில் பதியும் இறுவட்டு வேறு. முன்னையதில் ஒலி, கடினமான நெகிழியில் குழிகளாக அழுத்தப்பட்டிருக்கும். பின்னையதில் ஒரு மெல்லிய சாயப் படையின்மேல் ஒளிக்கதிர் சுட்ட அடையாளங்கள் மட்டுமே உண்டு. அந்தச் சாயம் வெயிலில் வெளுக்கும், வெப்பத்தில் கெடும். ஒட்டிய தாளின் பசை மேற்பூச்சைத் தின்னும். தாள் சுருங்கினால் தட்டும் வளையும். அன்பினால் நாம் செய்த மூன்றும், சாளரம், தாள், பசை, அம்மாவின் குரலை மெல்ல மெல்ல அழித்திருந்தன.

பழைய இயக்கி ஒன்றை எங்கோ தேடி வாங்கிவந்து, வாசிக்க முடியாத இடத்தை மீண்டும் மீண்டும் வாசிக்கும் மென்பொருள் ஒன்றை மகன் இயக்கினான். இரண்டு இரவுகள் அது ஓடியது. நாற்பத்து மூன்று நிமிடத்தில் பதினொரு நிமிடம் மீண்டது.

தேவாரம் மீளவில்லை. அந்தச் சிரிப்பும் மீளவில்லை. மீண்டதில் காகம் இருந்தது. எமக்குக் குளிருமென்று சொல்லி, தலைக்குத் துணி கட்டும்படி அம்மா கேட்டது இருந்தது. இறுதியில், தெளிவாக, இவ்வளவும்: "அடுத்தது பெடியனெண்டால் ஐயான்ரை பேரை வை, தம்பி. வேறை பேர் வையாதை."

மகன் 2000ஆம் ஆண்டு பிறந்தவன். ஐயாவின் பெயரே அவனது பெயர். பள்ளியில் எவருக்கும் வாயில் நுழையாத அந்தப் பழம்பெயரை ஏன் வைத்தீர்களென்று எம்மோடு எத்தனையோ முறை சண்டையிட்டவன். அன்று அவன் எதுவும் பேசவில்லை. அந்தப் பதினொரு நிமிடத்தையும் ஐந்து இடங்களில் பிரதி செய்து வைத்தான்.

இனி, இறுவட்டா கணினியா என்ற வழக்குக்கு நாம் தீர்ப்புச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

கணினியின் பக்கம் நியாயம் உண்டு. 312 இறுவட்டுகளும் பெருவிரலளவான ஒரு நினைவுக்குச்சியில் அடங்கின. நாடாவைப் பிரதி செய்தால் ஒவ்வொரு பிரதியிலும் ஒலி மங்கும். கணினிப் பிரதி எத்தனையாவது ஆயினும் முதற்பிரதியைப் போன்றதே. ஒரே கணத்தில் கனடாவிலுள்ள தங்கைக்கும் அவுஸ்திரேலியாவிலுள்ள மருமகனுக்கும் அனுப்பலாம். ஊரில் ஒரு கிணற்றடியோடு அழிந்த ஐயாவின் தட்டுகளுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் வரை அழிந்ததை நாம் அறிவோம். அவற்றுட் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. அந்தக் காயத்தின் பின் பிறந்த எம்மவர் முயற்சியான 'நூலகம்' மின்னூலகம் 2005 முதல் நூல்களையும் இதழ்களையும் கணினியில் சேர்த்து உலகெங்கும் திறந்து வைத்திருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் இருப்பது ஒரு தீக்குச்சிக்கு இரையாகும் என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்?

இறுவட்டின் பக்கமும் நியாயம் உண்டு. மாதச் சந்தா கட்டிக் கேட்கும் பாட்டு எமக்குச் சொந்தமானதன்று. அது வாடகை வீடு. சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் முறிந்தால், நேற்றிருந்த பாட்டு இன்று இராது. மைஸ்பேஸ் என்ற இணையத்தளத்தில் 2015 வரையான பன்னிரண்டு ஆண்டுகளில் கலைஞர்கள் ஏற்றிய இசை, இடமாற்றத்தின்போது அழிந்து போனதென்று 2019இல் தெரியவந்தது. வேறு பிரதி வைத்திராதவர்கள் அனைத்தையும் இழந்தார்கள். மேலும், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எம்மூரில் நாடாவாக மட்டுமே வெளிவந்த எத்தனையோ பாடல்களை, ஊர்க்கோயில் மேளக் கச்சேரிகளை, நாடகங்களை எந்த நிறுவனமும் எமக்காக ஏற்றி வைக்கப்போவதில்லை. அவை எமது நிலக்கீழ் அறைகளிற்தான் கிடக்கின்றன.

எமது குற்றம் ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நான்கு பெட்டிகளில் ஏறக்குறைய பாதி, கடைகளில் ஐந்து மார்க்குக்கு வாங்கிய களவுப் பிரதிகள். பாடியவருக்கு ஒரு சதமும் சென்றிராது. இன்று முதலில் வெளுத்துப் போயிருப்பவையும் அவைதான். மலிவு என்று வாங்கினோம், மலிவாகவே போயின.

ஆகவே எமது தீர்ப்பு: தட்டும் காப்பாற்றாது, கணினியும் காப்பாற்றாது. பிரதி செய்பவனும் பெயர் எழுதுபவனும் காப்பாற்றுவார்கள். அன்றைக்கு மிதியைச் சுற்றிய கைகளைப்போல, ஒருவர் களைக்குமுன் அடுத்தவர் பற்றிக்கொள்ள வேண்டும்.

வாசகர்களிடம் எமது வேண்டுகோள் சில. வீட்டில் பதிந்த இறுவட்டுகள் இருந்தால் இன்றே கணினியில் ஏற்றுங்கள், நாளைக்கென்று வையாதீர்கள். தாள் ஒட்டாதீர்கள், வெயிலில் வையாதீர்கள். பேசி அனுப்பிய பழைய நாடா இருந்தால் கண்ட கருவியில் இட்டு ஓட்டாதீர்கள். முதலில் கையால் மெல்லச் சுற்றி இறுக்கம் பாருங்கள், தலைப்பைத் துப்புரவாக்கிய நல்ல கருவியில் ஒருமுறை ஓட்டி, அந்த முறையே பதிந்துகொள்ளுங்கள். மூன்று பிரதி வையுங்கள். இரண்டு வேறுவகைப் பொருளில் இருக்கட்டும். ஒன்று வேறு வீட்டில், வேறு ஊரில் இருக்கட்டும். யார் பேசுவது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று தமிழில் எழுதி வையுங்கள். பிரதி செய்த பின்னும் மூலத்தை எறியாதீர்கள். எறிந்தவர் சொல்கிறோம்.

நான்கு பெட்டிகள் இப்போது ஒன்றாயின. உட்தாளுள்ள நல்ல தட்டுகளை மட்டும் வைத்திருக்கிறோம். ஞாயிறு மாலைகளில் மகன் வந்தால், கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு ஒரு தட்டைத் தெரிவுசெய்து இடுவான். காதுக்குள் செருகிக்கொண்டு தனித்தனியே கேளாமல், மூவரும் இருந்து ஒன்றாகக் கேட்போம். பாட்டு முடியும்வரை எவரும் எழுவதில்லை. உட்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன இராகம் என்று இப்போது அவன்தான் எம்மைக் கேள்வி கேட்கிறான். சில வேளை எமக்கு விடை தெரிவதில்லை.